கடலிலிருந்து பார்த்த மொட்டை

பக்கத்து வீட்டுப் பழைய சுவரை இடிக்கிறார்கள். திருவொற்றியூரில் இந்த மாடி ஜன்னலை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் ஈரச் சுண்ணாம்பு வாசம் உள்ளே வந்துவிடுகிறது. வந்தால், மொட்டையையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

மொட்டை என்பது எண்ணூரில் ஆறு கடலைத் தொடும் இடத்தில் நின்ற காவல் கோபுரம். தலை எப்போதோ விழுந்துவிட்டதால் அந்தப் பெயர். சோழர் காலத்தில் உப்புப் படகுகளிடம் சுங்கம் வாங்கக் கட்டியது என்பார் வரலாற்று வாத்தியார். இல்லையில்லை, கடற்கொள்ளைக்காரனைப் பார்க்க என்பார் டீக்கடை பாய். டீயை ஆற்றுவதுபோலவே நூற்றாண்டுகளையும் ஏற்றி இறக்குவார். உள்ளே சுண்ணாம்பும் வௌவால் எச்சமும் கலந்த வாடை. அதற்குள் உட்கார்ந்து கருவாட்டுச் சோறு தின்றிருக்கிறேன், என்ன மூக்கோ எனக்கு!

அப்போது முதல் வேலை. துறைமுகச் சாலைக்கு நிலம் அளந்த கான்ட்ராக்டரிடம் படிவம் நிரப்புவது. குப்பத்தில் பிறந்தும் கடல் எனக்கு ஆகாது. இரண்டு தடவை படகேறி இரண்டு தடவையும் குடலைக் கக்கியவன். மொட்டைக்கான படிவத்தில் 'பயன்படுத்துவோர்' என்ற கட்டத்தில் முத்து முத்தாக 'எவருமில்லை' என்று எழுதினேன். அந்த மாதமே பொக்லைன் வந்தது. மொட்டையை இடிக்க ஒரு காலைப்பொழுதுகூட ஆகவில்லை.

மறுநாள் அம்மாவின் தம்பி, என் மாமா, வெறும் வலையோடு கரையேறினார்.

"மொட்டைய எவன்டா இட்சான்?"

"யாரும் உள்ள போறதில்லன்னு நான்தான் மாமா எழுதிக் குட்த்தேன்."

"உள்ள இன்னாடா கீது, வவ்வாலு! நான் கடல்லேர்ந்து பாத்துகினு கீறேன். மொட்டைக்கு நேர் பின்னால பொகபோக்கி வந்தா, அந்தக் கோட்டுல கீதுடா சங்கரா பாரு. எவனுக்கும் சொன்னதில்ல. நீ கேட்டிருந்தீன்னா சொல்லியிருப்பேனே, தொர!"

பார் என்றால் கடலடிப் பாறை, மீன் மேயும் இடம். எங்கள் பக்கம் நல்ல பாரைக் குடும்பத்துக்குள்ளேயே பொத்தி வைப்பார்கள். அந்தச் சங்கரா மீனில்தான் மாமா என்னைப் படிக்கவைத்தார். அந்தப் படிப்பில்தான் நான் படிவம் நிரப்பினேன்.

அனல்மின் நிலையப் புகைபோக்கி மட்டும் நின்றது. ஒற்றைக் குறியை வைத்துக்கொண்டு கோடு பிடிக்க முடியாது. தேடித் தேடி அலுத்து, மாமா படகை விற்றுவிட்டுத் தண்டையார்பேட்டை குடோனில் மூட்டை தூக்கப் போனார். என்னோடு பேச்சு நின்றது.

ஜிபிஎஸ் கருவி வந்த பிறகு, அவர் மகன் ஒருநாள் அவரைக் கடலுக்குக் கூட்டிப்போனான். அவன்தான் சொன்னான். "எங்க கீதுன்னு காட்டு நைனா, நம்பர் போட்டுக்கலாம்" என்றானாம். மாமா கரையைப் பார்த்து விரலை நீட்டினாராம். மொட்டை நின்ற இடத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. விரலை மடக்கிக்கொண்டு, "வூட்டுக்கு வுடு" என்றாராம்.

சங்கரா பார் என்ற பேரைக் குப்பத்தில் அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.