உரலோடு கிளினிக்குக்குப் போனவள்

நான் கட்டியெழுப்பியவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லப்போவது உடம்பின் ஒரு கோளாறைப் பற்றி. அதைச் சொல்பவள் யார் என்று தெரிந்துகொண்டு கேட்டால் நல்லது.

ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. சிட்னிக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்த ஆங்கிலம் யெஸ், நோ, தாங்க் யூ. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டு பென்டில் ஹில்லில் ஒரு வாடகை வீட்டுக் கராஜில் இடியப்பம் அவிக்கத் தொடங்கினேன். கராஜில் அவிக்கக்கூடாது என்று கவுன்சில்காரர் வந்து நிறுத்தினார். ஒரு பலசரக்குக் கடையின் பின்பக்கத்தைப் பிடித்தேன். தண்ணீர்க் குழாய் சரியில்லை, சுவர் சரியில்லை என்று அங்கேயும் வந்தார். "எப்பிடி இருந்தால் சரி? கீறிக் காட்டுங்கோ" என்று அவர் கையிலேயே பேனையைக் கொடுத்தேன். அவர் கீறிய படத்தின்படி ஒரு சமையற்கூடம் கட்டினேன். எஃகு மேசைகள், ஆளுயர ஸ்டீமர், சுவரில் கண்ணாடி போட்ட லைசென்ஸ். கணவர் நடுவில் போய்விட்டார். மூன்று பிள்ளைகளையும் இடியப்பம்தான் படிக்க வைத்தது. இன்று என் கூடத்தில் ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். கல்யாணமோ சாமத்தியவீடோ கோயில் திருவிழாவோ, முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். மெஷின் வாங்கிப் போட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய இடியப்பம் கயிறு. என்னுடையது பஞ்சு.

அதிகமாகக் கதைக்கிறாளே என்று நினைப்பீர்கள். கதைப்பேன். ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு வருடம் யாரிடமும் கதைக்காமல் இருந்தேன்.

ஒருநாள் குளிக்கும்போது கையில் பட்டது. கீழே, பிள்ளை பிறக்கும் வழியில், ஒரு சின்னத் தேசிக்காய், எலுமிச்சை என்பார்களே, அந்த அளவில் மெத்தென்று ஏதோ வெளியே எட்டிப் பார்த்தது. படுத்தால் உள்ளே போய்விடும். நாள் முழுக்க நின்று வேலை செய்தால் மாலையில் இறங்கிவிடும். கதிரையில் உட்கார்ந்தால் எதன்மேலோ உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். சலம் கழித்து முடித்தாலும் முடியாததுபோல இருக்கும். புற்றுநோய் என்று நினைத்தேன். அதைவிட, யாரோ ஒரு டொக்டருக்கு முன்னால் காலை விரிக்க வேண்டுமே என்றுதான் அதிகம் பயந்தேன்.

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தேன். பிள்ளை பெற்ற உடம்புக்கு வயிற்றுக்கட்டுப் போடுவோம் இல்லையா, அதேபோல ஒரு பழைய நூல் சேலையை மடித்து இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். இறுக்கினால் மேலே ஏறி நிற்கும் என்பது என் கணக்கு. ஏறவில்லை. இன்னும் இறுக்கினேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். அதனால் மலச்சிக்கல் வந்தது, முக்கினேன், அது இன்னும் இறங்கியது. இறங்க இறங்க நான் கட்டினேன்.

ஒரு சனிக்கிழமை, பெரிய கல்யாண ஓடர். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பக்கத்தில் பிழிந்துகொண்டிருந்தவள் தமிழ்நாட்டுப் பெண், தஞ்சாவூர்ப் பக்கம், என்னைவிடப் பத்து வயது இளையவள். அவள் கையை நிறுத்தினாள்.

"என்னக்கா, நிக்க முடியலையா?"

"ஒண்டுமில்லை. நீ பிழி."

"எனக்குத் தெரியும்க்கா. நீங்க நிக்கிற மாதிரிதான் நானும் நிப்பேன். கீழ இறங்குதா?"

மற்றப் பெண்களுக்குக் கேட்டதா என்று திரும்பிப் பார்த்தேன். "மெல்லக் கதை!"

"ரெண்டாவது பையன் பொறந்ததுலேர்ந்து எனக்கு இருக்குக்கா. யார்ட்ட சொல்றது? மாமியார்ட்டயா?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததில் அது இன்னும் இறங்கியது. "சிரிக்க வையாதை!" என்றேன். அவளும் இரண்டு கையாலும் வயிற்றுக்குக் கீழே பிடித்துக்கொண்டு சிரித்தாள். டொக்டரிடம் போவது என்று அன்று தீர்மானித்தேன். நாலு அடி தூரத்தில் நின்று இரண்டு பேர் ஒரே நோவை ஆளுக்காள் ஒளித்துக்கொண்டு மாப் பிழிவது என்ன புத்தி?

மகளிடம் சொன்னேன், அவள் என்னைக் குடும்ப டொக்டரிடம் கூட்டிப் போனாள். பெண் டொக்டர், கெட்டிக்காரி. பார்த்துவிட்டு, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, சலப்பையும் முன்சுவரோடு சரிந்திருக்கிறது, புற்றுநோய் இல்லை, இது நிறையப் பெண்களுக்கு வருவது என்றார். தொந்தரவு இல்லாதவர்கள் அப்படியே விட்டுவிடலாம், தொந்தரவு என்றால் தசைப் பயிற்சி, உள்ளே வைக்கும் வளையம், சத்திரசிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன என்றார். பாரம் தூக்குவதைக் குறைக்கச் சொன்னார்.

காரில் ஏறியதும் மகள் தொடங்கினாள். "இனாஃப் அம்மா. கிச்சினை வித்துப்போடுங்கோ. அறுபத்தாறு வயசிலை மாச்சாக்கு தூக்கிக்கொண்டு நிக்கிறீங்கள். வட் ஃபோர்?"

"வித்துப்போட்டு?"

"ரெஸ்ட் எடுங்கோ."

"ரெஸ்ட் எடுத்து?"

அவள் காரைக் கிளப்பினாள். அடுத்த வாரமே கூடத்தை வாங்குவதற்கு ஒரு ஆளைப் பார்த்துவிட்டாள். என் கூடம் என் கையில் இருக்குமா போகுமா என்பது இனி என் அடிவயிற்றின் கையில். எனக்குக் கோபம் வந்தால் நான் வேகமாக நடப்பேன். அந்த வேகத்திலேயே தசைப் பயிற்சி தரும் பிசியோவிடம் போனேன்.

பிசியோ ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, இந்த அடித்தசைகளுக்கென்றே படித்தவள். எனக்காக ரெலிபோனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போட்டாள். "வணக்கம் அம்மா" என்று ஆண் குரல் வந்தது. நான் கதிரையில் நிமிர்ந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் இடியப்பம் வாங்க வந்து, சொதி கொஞ்சம் கூட ஊத்துங்கோ அன்ரி என்று கேட்கிற அதே குரல்! பிசியோ ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா... உங்களுக்கு... கீழ் வழியாலை... ஏதாவது..."

"தம்பி, ரெலிபோனை வையுங்கோ" என்றேன். "வெள்ளிக்கிழமை வழமைபோல வாங்கோ. இதைப்பற்றி நானும் கதைக்க மாட்டன், நீங்களும் கதைக்கக்கூடாது."

"ஐயோ அன்ரி, சத்தியமா இல்லை. வெளியிலை சொல்லக்கூடாதெண்டு எங்களுக்குச் சட்டமும் இருக்கு."

பாவம், நல்ல பிள்ளை. அதற்குப் பிறகு பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டேன். உடனே கிடைத்தது. கேட்டால் கிடைக்கும் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இதை வாசிக்கிறவர்கள் முதலிலேயே கேளுங்கள்.

பரிசோதிக்க முன் வயிற்றுக்கட்டை அவிழ்த்தேன். அவிழ்க்க அவிழ்க்கச் சேலை வந்துகொண்டே இருந்தது. பிசியோவின் கண்கள் விரிந்தன. இது மேலே இருந்து அமத்துகிறது, அமத்தம் முழுவதும் கீழேதான் போகிறது என்றாள். மொழிபெயர்த்த பெண் முடிக்க முன்னமே எனக்கு மூளையில் மின்னல் அடித்தது.

"உரல்!" என்று கத்தினேன். "இடியப்ப உரல்! மாவைப் போட்டு மேலாலை அமத்தினால் கீழாலைதானே வரும்! ரெண்டு வருசமா நான் என்ர வயிறை உரலாக்கி வச்சிருக்கிறன்!"

பிசியோவுக்கு இடியப்பமும் தெரியாது, உரலும் தெரியாது. எவ்வளவு பலம் கொடுத்துப் பிழிவாய் என்று கேட்டாள். வாயால் சொன்னால் விளங்குமா? அடுத்த முறை போகும்போது என் மர உரலையும் வறுத்த அரிசி மாவையும் தட்டுகளையும் ஒரு பெரிய பையில் போட்டுக்கொண்டு போனேன். பையை மகள் தூக்கினாள், முகத்தைத் தொங்கப் போட்டபடி. கிளினிக்கின் தேநீர் அறைக் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, பிசியோவின் மேசையிலேயே மாக் குழைத்தேன். பிழிந்தேன். ஒரு தட்டு, இரண்டு தட்டு, மூன்று தட்டு. பிசியோ இடியப்பத்தைப் பார்க்கவேயில்லை, என் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீங்கள் மூச்சைப் பிடிக்கிறீர்கள்" என்றாள்.

இல்லை என்றேன். இன்னொரு தட்டுப் பிழியச் சொன்னாள். பிழிந்தேன். உண்மைதான்! இத்தனை வருடமாக ஒவ்வொரு தட்டுக்கும் மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, வயிற்றைத் தள்ளியிருக்கிறேன். எத்தனை ஆயிரம் தட்டு என்று நீங்களே யோசியுங்கள்.

பிறகு அவள் உரலை வாங்கித் தானே பிழிந்து பார்த்தாள். மூன்று நூல் வந்தது. கை நோகிறது என்றாள். "இப்ப விளங்குதோ?" என்றேன். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

அன்று அவள் சொல்லித் தந்தது இதுதான்: சலத்தையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல அடித்தசையை மேலே இழு. மூச்சை வெளியே ஊது. ஊதும்போதே அமத்து. உரல் நெஞ்சு உயரத்தில் இருக்கக்கூடாது, இடுப்பளவில் இருக்க வேண்டும். மலம் கழிக்கும்போது காலுக்குக் கீழே ஒரு சின்ன முக்காலி. தண்ணீர் குடி. வீட்டில் தினமும் பயிற்சி, மாதக்கணக்கில். அவசரப்பட்டுப் பலன் இல்லை.

பயிற்சி மட்டும் எனக்குப் போதவில்லை. ஆஸ்பத்திரியில் பெண்கள் பிரிவு டொக்டர் வளையம் வைத்தார். மெத்தென்ற சிலிக்கன் வளையம், பெசரி என்பார்கள். முதல் வளையம் மறுநாளே ரொய்லெற்றில் வெளியே வந்துவிட்டது. கழுவி, சம்பல் டப்பா ஒன்றில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனேன். டொக்டர் சிரித்தார், அளவு சரியாக ஒன்றிரண்டு தரம் ஆகும் என்றார். அடுத்த அளவு நின்றது! ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தை இரண்டு தரம் சுற்றி நடந்தேன். இருமிப் பார்த்தேன். குந்தி எழும்பினேன். ஒன்றும் இறங்கவில்லை! கார் எடுக்க வந்த ஒரு கிழவர் எனக்கு ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். "நோ, நோ, ஐ ஃபவுண்ட்!" என்றேன்.

இப்போது நானே எடுத்துக் கழுவித் திரும்ப வைக்கிறேன். முடியாதவர்களுக்குக் கிளினிக்கில் செய்துவிடுவார்கள். எல்லோரும் குறித்த நாளில் போய்க் காட்ட வேண்டும். இரத்தமோ கெட்ட மணமோ வந்தால் நாள் பார்க்காமல் போக வேண்டும். உள்தோல் காயாமல் இருக்க ஒரு கிறீமும் தந்திருக்கிறார்கள்.

என்னைப் பார்த்துத் தானும் டொக்டரிடம் போன தஞ்சாவூர்க்காரிக்கு வளையம் ஒத்துவரவில்லை. சத்திரசிகிச்சைதான் வேண்டும் என்றாள், ஆனால் மெஷ் என்கிற செயற்கை வலையை உள்ளே வைத்துத் தைப்பார்களோ, அதனால் பலர் அவதிப்பட்டார்களே என்று பயந்தாள். அவளோடு நானும் போனேன். அவளுடைய டொக்டர், இதற்குக் கீழ்வழியாக வலை வைப்பது இங்கே இப்போது இல்லை, உன் சொந்தத் தசையைத்தான் தைப்போம், பிற்காலத்தில் திரும்பவும் இறங்க வாய்ப்பு உண்டு என்று ஒளிக்காமல் சொன்னார். செய்துகொண்டாள். சுகமாக இருக்கிறாள். வாரக்கணக்கில் எதையும் தூக்கக்கூடாது என்றதால் அவளைக் கதிரையில் இருத்தி ஓடர் எடுக்க விட்டேன். "அக்கா, நான் மகாராணி மாதிரி இருக்கேன்" என்றாள். "கன நாளைக்கு இப்பிடி இருக்காதை" என்றேன்.

மேசைகளின் காலை வெட்டி உயரம் குறைத்தேன். மாச்சாக்குக்குச் சில்லு வைத்த வண்டி. தூக்குகிறவளுக்கு என்னிடம் ஏச்சு. அடுத்த பெரிய கல்யாண ஓடர் அன்று மகள் வந்து வாசலில் நின்றாள். உள்ளே நாங்கள் வரிசையாக நின்று பிழிகிறோம். நான் சொல்ல எல்லோரும் செய்கிறார்கள்: இழு, ஊது, அமத்து. ஊ... ஊ... ஊ... என்று கூடம் முழுக்கச் சத்தம்.

"அம்மா, வட் இஸ் திஸ்? றெயின் ஸ்டேசன் மாதிரி இருக்கு!"

"என்ர கிச்சின்" என்றேன். "வாங்க வாற ஆளிட்டைச் சொல்லு, றெயின் புறப்பட்டுப் போட்டுது எண்டு."

அவள் கடைசித் தட்டு அவியும்வரை நின்று பார்த்தாள். நான் மேசையைப் பிடிக்கவில்லை, உட்காரவில்லை. "சரி, விக்க வேண்டாம்" என்றாள். "ஆனா சாக்கிலை கை வச்சா நான்தான் பொலிஸ்."

இனி என் கணக்கு. பிசியோவின் கிளினிக் தமிழில் ஒரு துண்டுப்பிரசுரம் போட்டிருக்கிறது. முதற்பக்கத்திலேயே ஒரு இடியப்ப உரல். மேலிருந்து அமத்தினால் கீழே வரும், அதுபோலத்தான் உங்கள் வயிறும் என்று எழுதியிருக்கிறது. உள்ளே, பிழியும்போது மூச்சை ஊதும் முறை. வயிற்றுக்கட்டை இறுக்காதீர்கள் என்றும் இருக்கிறது. பின்பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில்: தமிழ்ச் சமூகத்தின் உதவியுடன் தயாரிக்கப்பட்டது.

எந்தச் சமூகம்? சமூகம் கிளினிக்குக்கு உரல் தூக்கிக்கொண்டு போனதா? சமூகம் பிசியோவின் மேசையில் மாக் குழைத்ததா? நான் போய்க் கேட்டேன். நோயாளியின் பெயரைப் போடுவது வழக்கம் இல்லை என்று பிசியோ மெத்தப் பணிவாகச் சொன்னாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு என் கூடத்துக்கு வருகிற பெண்கள் கேட்பது ஒரே கேள்வி: "அன்ரி, உண்மையா ஆருக்காவது சரிவந்ததோ?" சமூகம் என்ற சொல் அவர்களுக்குப் பதில் சொல்லாது. நான் சொல்வேன்.

ஆகவே கிளினிக்காரருக்குச் சொல்கிறேன், அடுத்த முறை அச்சடிக்கும்போது இப்படிப் போடுங்கள்: பென்டில் ஹில்லில் இடியப்பம் பிழியும் ஒரு பெண் சொன்னது. ஏழே ஏழு சொல். பெயர் கேட்கவில்லை. படத்தையும் திருத்துங்கள். நீங்கள் கீறியிருப்பது முறுக்குப் பிழியும் குழல். என் உரல் மரத்தால் செய்தது, அதற்கு இரண்டு பக்கமும் பிடி உண்டு. வேண்டுமானால் திரும்பவும் கொண்டுவந்து காட்டுகிறேன்.