குளியலறை வாசலுக்கு மூன்று அடி

எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். அந்தக் கோபத்தையும் தூக்கிக்கொண்டுதான் எழுபதுகளின் நடுவில் மதுரையில் ஒரு பொறியாளர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டு வரைபடங்களில் எழுத்தும் எண்ணும் எழுதுவது என் வேலை. கோடு போடுவது மற்றவர்கள் பாடு. என் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்வதற்குள் சொல்லிவிடுவது நல்லது.

வீடு கட்டுகிறவர்கள் மனம் மாறிக்கொண்டே இருக்கும். பத்தடி அறையைப் பதினோரடி ஆக்கு என்பார்கள். அதற்காகப் படத்தை முழுதாக மறுபடி யார் போடுவது? ட்ரேசிங் தாளில் பாதி பிளேடால் பழைய எண்ணைச் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து மழமழவென்று ஆக்கி, புது எண்ணை எழுதிவிடுவேன். கோடு பழைய இடத்திலேயே கிடக்கும். கொத்தனார்கள் எண்ணைத்தான் பார்ப்பார்கள், தாளில் ஸ்கேல் வைத்து அளக்கமாட்டார்கள். இப்படிச் சுரண்டிச் சுரண்டியே எத்தனையோ வீடுகள் ஒழுங்காக எழும்பின.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறை, அறைக்கு ஏசி, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். டிப்ளமோ படித்த ஒருவன் சென்னைக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தான். அவனுக்கும் என் வயதுதான், ஆனாலும் என்னை அக்கா என்பான். சண்டை போட்டுப் பார்த்தேன், விடவில்லை. அவனிடம் எழுத்து வேலையை மட்டும் பத்து நாளில் கற்றுக்கொண்டேன். முதல் படத்தில் நான் அடித்த எழுத்தெல்லாம் கடுகு மாதிரி வந்தது. உயரத்தைக் கூட்டினேன், 'கிச்சன்' என்ற சொல் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டு மனை வரை போனது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அளவு பிடிபட்ட பிறகு அந்த வேலை எனக்கு அப்படிப் பிடித்துப்போனது. பிளேடு இல்லை, மசி இல்லை, மணிக்கட்டு வலி இல்லை. படம் போட்டுத் தரும் பிளாட்டர் மெஷின் பேனாவைப் பிடித்து என் எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதுவதைச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல்கூட நின்று பார்த்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்தார். பள்ளிக்கூட வாத்தியார் அம்மா. நாகமலை புதுக்கோட்டையில் இடம் வாங்கி வீடு கட்டப் போகிறார்கள். அவர் கணவர் மேலூர்ப் பக்கம் லாரி ஓட்டியவர். லாரி கவிழ்ந்து இடுப்புக்குக் கீழே செயல் இல்லாமல் போய்விட்டது. வரைபடம் ஏற்கெனவே போட்டாயிற்று. டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்து என் மேசையில் நீட்டினார். இரண்டு முனையிலும் முடிச்சு.

"இது அவரு வீல்சேரோட அகலம்மா. அவரே தள்ளுறப்ப முழங்கை வெளிய வரும்ல, அதையும் சேத்து அளந்திருக்கேன். பாத்ரூம் வாசல்ல இது சிக்காமப் போகணும்."

அளந்தேன். இருபத்தொன்பது அங்குலம். படத்தில் குளியலறை வாசல் இரண்டரை அடி. நிலைக்கட்டை போக இருபத்தைந்துகூடத் தேறாது.

"பதினோரு வருசமா நாந்தான் குளிப்பாட்டுறேன். எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல. அவருக்குத்தான் கூச்சம். இந்த வீட்டுலயாவது அவரு தானாப் போயிக் கதவச் சாத்திக்கணும். வேற எதுவும் நான் கேக்கல."

"மூணு அடி போட்டுடுறேன் டீச்சர். கவலைப்படாதீங்க" என்றேன். அவர் எதிரிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், இரண்டரையை மூன்று என்று திருத்தினேன். ஒரு நிமிட வேலை. கயிற்றை என் மேசையில் ஊசி குத்தி மாட்டிவைத்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். அந்த வீட்டு மேஸ்திரி ஜன்னல் விஷயமாக ஏதோ கேட்க வந்தார். பேச்சோடு பேச்சாக, "நெலையெல்லாம் வச்சாச்சு தாயி. பாத்ரூமுக்கு முக்கா மீட்டர் நெல, கச்சிதமா உக்காந்துருச்சு. நாளைக்கு நெலைக்கு மேல லிண்டல் கான்கிரீட்டு" என்றார்.

முக்கால் மீட்டர் என்றால் இரண்டரை அடி. அவர் கையிலிருந்த பிரிண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். 0.75 என்றுதான் இருந்தது. எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. செருப்போடே ஏசி அறைக்குள் போனேன்.

"ஏம்ப்பா, நான் போட்ட மூணு அடிய யாரக் கேட்டு மாத்துன?"

"நான் எதையும் மாத்தலக்கா" என்றான் அவன். "பிளான் அனுமதிக்கு மீட்டர்ல வேணும்னாங்க. பழைய அளவெல்லாம் அழிச்சிட்டு மெஷின மறுபடி அளக்கச் சொன்னேன். அது கோட்டத்தான அளக்கும்?" வாசலின் இரண்டு பக்கக் கோட்டையும் தொட்டுக் காட்டினான். "கோடு ரெண்டரை அடியிலதான நிக்கிது. நீங்க நம்பர மட்டும் மாத்திருக்கீங்க."

பிளேடால் சுரண்டிய பழக்கத்தில் செய்திருக்கிறேன். தாளில் எழுதினால் எண் எழுதியபடி நிற்கும். இங்கே கோட்டை நகர்த்தியிருக்க வேண்டும். கோடு என் வேலை இல்லை என்றே இத்தனை வருடம் இருந்துவிட்டேன். வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், அவனிடம் செருப்புக்காக மட்டும் மன்னிப்புக் கேட்டேன். பிறகு கோட்டை நகர்த்தச் சொல்லிக் கொடு என்றேன். ஆறு அங்குலம் நகர்த்தினேன். பக்கத்திலிருந்த 0.75 தானாகவே 0.90 ஆனது.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டார். "முக்கா மீட்டரே போதும்னு சொல்லிப் பாப்போமே. இடிக்கச் சொன்னா நம்ம பேருதான் கெடும்" என்றார். கயிற்றை ஊசியிலிருந்து உருவிக்கொண்டு மேஸ்திரியோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாளைக்குக் கான்கிரீட் விழுந்துவிட்டால் அந்த மனிதர் ஆயுசுக்கும் டீச்சரைக் கூப்பிட்டபடிதான் இருக்கவேண்டும்.

டீச்சர் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் வேப்பமர நிழலில் சக்கர நாற்காலியில் இருந்தார். நான் நேராகக் குளியலறை நிலைக்குப் போய்க் கயிற்றின் இரண்டு முடிச்சையும் இரண்டு கட்டையில் வைத்துப் பிடித்தேன். கயிறு நடுவில் தொங்கியது. டீச்சருக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டார்.

"என் தப்பு டீச்சர். எண்ண மாத்துனேன், கோட்ட மாத்தல. மேஸ்திரி மேல ஒண்ணும் இல்ல."

டீச்சரின் கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொங்கிய கயிற்றையும் என் முகத்தையும் பார்த்தார்.

"நான் லாரி ஓட்டுனப்பகூட இம்புட்டு அளவு பாத்ததில்ல" என்றார். "ஏண்ணே, பிரிச்சு வைக்க எம்புட்டு நேரமாகும்?"

"விடிய ஆரம்பிச்சா பொழுதுசாய முடிச்சிரலாம்" என்றார் மேஸ்திரி. "கான்கிரீட்ட ஒரு நாள் தள்ளிக்கிருவோம்." விடிய என்றவர் அப்போதே கடப்பாரையை எடுத்துவிட்டார். நிலையின் பக்கக் கட்டைகள் தேறின, மேல்கட்டை மட்டும் புதிதாகச் செய்தார்கள். கீழ்க்கட்டை நாற்காலிக்காக முதலிலேயே கிடையாது. மறுநாள் சாயங்காலம் அலுவலகம் விட்டதும் மறுபடி போய்க் கயிற்றை வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் விரல் அகலம் மிச்சம் இருந்தது. முதலாளி நாலு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அவர்கள் குடிபோன மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது மணி பத்து இருக்கும். டீச்சர் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, தனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு உட்காரப் போனார். அதற்குள் அவர் கணவர் குளியலறைப் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். டீச்சர் டம்ளரை வைத்துவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். ஒரு வாரம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கணவர் துண்டை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார். வாசலில் முழங்கை இடிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தமும், கொஞ்சம் கழித்துத் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தமும் கேட்டன.

டீச்சர் வெறுங்கையோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த நேரத்துல எப்பவும் உள்ள நிப்பேன். இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"உக்காந்து காப்பியக் குடிங்க டீச்சர்" என்றேன்.

அவர் உட்கார்ந்தார். காப்பி இன்னும் சூடாகவே இருந்தது.