சாணவண்டில் வந்த புதுப்புழு

சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, ஜார்ஜ் டவுன் சூலியா தெருவிலுள்ள தேநீர்க்கடை ஒன்றில் நிகழ்ந்தது இது. தாசேக் கெலுகோரில் சில பசுக்களை வளர்த்துவரும் நான், அக்கடைக்கு நாள்தோறும் பால் கொண்டுவந்து கொடுப்பவன். அன்றும் பாலைக் கொடுத்துவிட்டுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது கைப்பேசி ஒலித்தது.

பேசியவர் ஓர் உயிரியல் ஆய்வாளர். பல்கலைக்கழகத்திலிருந்து என் கொட்டகைக்கு வந்து, சாணத்தைக் கிளறிக் குப்பிகளில் எதையோ சேகரித்துச் சென்ற பெண்மணி. என்ன தேடுகிறார் என்று நான் கேட்டதில்லை. வாகன இரைச்சலில் அவர் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"ஐயா, உங்க மாட்டுச் சாணில எடுத்த பூச்சி... புழு... புதுசு! உலகத்துல யாருமே பாத்ததில்ல! எங்க இருக்கீங்க? நேர்லயே வரேன்!"

நான் இருக்கும் கடையைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்துவிட்டார். நம் வீடுகளில் வயிற்றுப் புழுவையும் பூச்சி என்றுதானே சொல்கிறோம்? என் பசுக்களுக்கு உலகம் அறியாத நோய் வந்துவிட்டது என்றே முடிவு செய்தேன். எதிர் மேசையில் ஒரு தாய் தம் சிறுமகளுக்கு நான் கொண்டுவந்த பாலை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"குடுக்காதீங்கம்மா!" என்று எழுந்துவிட்டேன்.

"என்னண்ணே, திரிஞ்சிருச்சா?" என்றார் கடைக்காரப் பாய். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் கறுத்தது. "காய்ச்சுனா செத்துருமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "யாருமே பாக்காத புழுவாம் பாய், யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"பாதி குடிச்சிட்டாளே!" என்றார் அந்தத் தாய். பக்கத்திலிருந்த பெரியவரோ, "நான் ரெண்டு கிளாஸ் அடிச்சிட்டேன்லா, என் கதை முடிஞ்சது" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மனைவியை அழைத்து, எல்லாப் பசுக்களுக்கும் உடனே வயிற்றுப் பூச்சி மருந்து கொடுக்கச் சொன்னேன்.

சற்று நேரத்தில் ஆய்வாளர் மலர்ந்த முகத்தோடு வந்திறங்கினார். எங்கள் கோலத்தைக் கண்டு திகைத்துக் காரணம் கேட்டார்; பாலில் புழு என்று பயந்ததைச் சொன்னேன்.

"ஐயையோ, பூச்சின்னு நான் சொன்னது சாணி வண்டைங்க!"

பிறகு பொறுமையாக விளக்கினார். அவர் கண்டது மிக நுண்ணிய நூற்புழு. அது வண்டின் உடலில் தொற்றிக்கொண்டு ஒரு சாணத்திலிருந்து இன்னொரு சாணத்துக்குச் செல்கிறது. அங்குள்ள நுண்ணுயிர்களைத் தின்று வாழ்கிறது. பசுவின் வயிற்றிலும் அது இல்லை, பாலிலும் இல்லை.

"அப்ப வண்டுதான் அதுக்கு டெக்சியா?" என்றார் பாய். கடையே சிரித்தது.

"மிச்சப் பாலையும் குடுக்கலாமா?" என்று கேட்டார் அந்தத் தாய்.

"தாராளமா குடுங்கக்கா."

நான் மருந்து கொடுக்கச் சொன்னதைக் கூறியதும் ஆய்வாளரின் முகம் வெளிறியது. "ஐயா, அது சாணில எறங்குனா வண்டும் செத்துரும், புழுவும் செத்துரும்! ஆண் புழு இன்னும் ஒண்ணுகூடக் கிடைக்கல. அது இல்லாம இத நான் முழுசா விவரிச்சு எழுத முடியாது."

உடனே மனைவியை மீண்டும் அழைத்து, மருந்து கொடுத்துவிட்டாளா என்று கேட்டேன்.

"சினை மாடு இருக்கு, டாக்டரக் கேக்காம எந்த மாட்டுக்காவது மருந்து குடுப்பேனா? நீங்க பதறுனா நானும் பதறணுமா?"

அந்த ஏச்சு அன்று என் காதுக்கு இனித்தது. ஆய்வாளர் நாற்காலியில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். சில வாரங்களுக்குப் பின், அதே கொட்டகையில் ஆண் புழுவும் அவருக்குக் கிடைத்தது.

இப்போது கொட்டகையைக் கழுவும்போது வண்டு ஊரும் சாணத்தை மட்டும் ஓரமாக ஒதுக்கிவைக்கிறேன். என் காலடியிலேயே யாருக்கும் தீங்கின்றி வாழ்ந்துவந்த ஓர் உயிரை, புதியது என்று கேட்ட அச்சத்திலேயே அழித்துவிடாமல் தப்பினேன் என்னும் நினைவு ஒவ்வொரு காலையும் என் நெஞ்சை இலேசாக்குகிறது.