பித்தளைக்குப் பூட்டிய கத்தி

நல்லையா மாஸ்டர் மோசம் போய்விட்டார், உயிர் பிரிந்துவிட்டது என்று இணுவிலிலிருந்து சைக்கிளில் ஆள் வந்து சொன்னபோது, நான் சண்டிலிப்பாயில் என் வீட்டுக் கிணற்றடியில் முகத்தில் சவர்க்காரத்தோடு நின்றேன். முதலில் வந்தது துக்கம் என்று எழுதினால் பொய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் வந்தது ஓர் ஆறுதல். இனி அந்தச் சங்கதியை அறிந்தவன் நான் ஒருவன்தான் என்ற நினைப்பு. துக்கம் பின்னேரம்தான் வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்க அச்சிடும் கல்வெட்டுப் புத்தகத்தில் நினைவுரை எழுதும்படி மாஸ்டருடைய தமையனார் என்னைக் கேட்டார். பதின்மூன்று வருடம் அவரோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன் நான். எழுத வேண்டியவற்றைத் தமையனார் ஒரு தாளில் குறித்தும் தந்தார். அதில் ஒரு வரி: ‘தம்முடைய அற்பக் கவனக்குறைவால் வலக்கண்ணை இழந்தார்.’ அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இது தெரிந்த கதைதான். அந்த வரியை நான் வெட்டிவிட்டேன். ஏன் வெட்டினேன் என்று சொல்லத்தான் வேண்டும்.

மாஸ்டரிடம் உலோகம் கடைய, காலால் மிதித்து ஓட்டும் சின்னக் கடைசல் மெசின் ஒன்று இருந்தது. சீமைக்குத் திரும்பிப் போன வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவரிடம் வாங்கியது. விஞ்ஞானம் படிப்பித்த மனிதருக்கு அது பிழைப்பல்ல, பைத்தியம். சனிக்கிழமைகளில் நானும் போய்விடுவேன். தேய்ந்த அரங்களை உடைத்து, சாணை பிடித்து, வெட்டும் கத்திகளைத் தானே செய்வார். கத்தி பூட்டுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். சுழலும் உலோகத்தின் நடு மட்டத்துக்குக் கத்தியின் நுனி சரியாக நிற்க வேண்டும். பிஸ்கற் தகரத்தில் வெட்டிய துண்டுகளைக் கத்தியின் அடியில் ஒவ்வொன்றாக வைப்பார். பிறகு நுனிக்கும் உலோகத்துக்கும் நடுவே அளவு பார்க்கும் மெல்லிய இரும்பு அடிமட்டமொன்றை நசித்துப் பார்ப்பார். அது நெட்டாக நின்றால் சரி. சாய்ந்தால் தகரத்தை மாற்றி மறுபடியும் தொடங்குவார். நான் சலித்துக்கொண்டால், “உமக்கு அவசரமெண்டால் படலை திறந்துதான் கிடக்கு” என்பார்.

அவர் பயந்தது பித்தளைக்குத்தான். இரும்பை வெட்டும் கத்தியின் மேல்முகம் பின்பக்கம் சரிந்து கூராக இருக்கும். பித்தளைக்கு அந்த முகம் தட்டையாக இருக்க வேண்டும். “பித்தளைக்குக் கூர் காட்டக்கூடாது. கத்தியை உள்ளுக்கை இழுத்துப்போடும்” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பார். நானும் எத்தனை தரம் ஓம் ஓம் என்று தலையாட்டியிருப்பேன்.

பதினொரு வருடத்துக்கு முந்திய அந்தச் சனிக்கிழமை, பள்ளிக்கூடத்துத் தராசுக்கு ஒரு பித்தளைத் திருகு கடைந்துகொண்டிருந்தோம். படலையில் யாரோ கூப்பிட அவர் எழுந்து போனார். வருவதற்குள் முடித்துக் காட்டலாம் என்று எனக்கொரு கெப்பர், வீண் பெருமை. பூட்டியிருந்த கத்தி மழுங்கியதுபோலத் தெரிந்தது. கழற்றிவிட்டு, பக்கத்தில் கிடந்த, இரும்பு வெட்டும் கத்தியை எடுத்தேன். கூர் கூடினால் நல்லதுதானே என்ற மூளை. நுனியை அளவுக்கு மிஞ்சி வெளியே நீட்டிப் பூட்டினேன். அடிமட்டம் வைத்துப் பார்க்கவில்லை. மிதிக்கத் தொடங்கினேன். திரும்பி வந்த மாஸ்டர் சத்தத்திலேயே பிழையைப் பிடித்துவிட்டார். எந்தக் கத்தி என்று பார்க்கக் குனிந்து, நிறுத்துவதற்குக் கையை நீட்டினார். அந்த நேரம் பித்தளை கத்தியை உள்ளே இழுத்தது. அரத்து உருக்கு வளையாது, உடையும். உடைந்த நுனி அவருடைய வலக்கண்ணில் ஏறியது.

கார் பிடிக்க ஆள் ஓடியது. சால்வையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நிலத்தில் இருந்தவர் மற்றக் கையால் என் கையைப் பிடித்தார். “கத்தி பூட்டினது நான். உமக்கு இன்னும் உத்தியோகம் நிரந்தரமாகேல்லை. நீர் ஒண்டும் கதையாதையும்.” பள்ளிக்கூட மனேச்சர் என்னை வேலையிலிருந்து நிற்பாட்ட ஒரு சாட்டுத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பழைய ஆள் என்பதால் தன்னை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று மாஸ்டர் நினைத்துவிட்டார்.

அவருடைய கணக்குப் பிழைத்தது. மனேச்சர் என்னைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்றவன் நீர், கத்தியைப் பூட்டியது யார் என்று கேட்டார். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். மாஸ்டர்தான் என்றேன். தன் கண்ணையே காக்கத் தெரியாதவரிடம் பிள்ளைகளையும் அமிலப் போத்தல்களையும் விடுவதா என்று, விஞ்ஞான அறையை அவரிடமிருந்து பறித்துக் கீழ்வகுப்புக் கணக்குக்கு அனுப்பினார்கள். அந்த அறையை எனக்குத் தந்தார்கள். நிரந்தரமும் ஆக்கினார்கள். இப்படியும் ஒருவன் இருப்பானா என்று கேட்பீர்கள். இருந்தான், பதினொரு வருடம் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகவே இருந்தான்.

மாஸ்டர் மெசினை விடவில்லை. ஒற்றைக் கண்ணால், கத்தி உலோகத்தைத் தொட்டதா இல்லையா என்று அவருக்கு மட்டுக்கட்ட முடியாது. இடையில் ஒரு மெல்லிய கடதாசித் துண்டைப் பிடித்து, அது இழுபட்டால்தான் தொட்டது என்று அறிவார். அதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்து மர வாங்கில் இருப்பேன். கத்தி பூட்டும்படி என்னைக் கேட்டதுமில்லை, பூட்டவேண்டாம் என்றதுமில்லை. அவருடைய மனைவி பொன்னம்மா அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, உந்த மெசினாலே கண்ணும் போய் மரியாதையும் போய்விட்டதென்று என் முன்னால்தான் அவரை ஏசுவார். மாஸ்டர் தலை நிமிர்த்தமாட்டார். நான் தேத்தண்ணீரைக் குடிப்பேன்.

உயிர் போவதற்குப் பத்து நாள் முன்பு, படுக்கையில் கிடந்தவரிடம், அக்காவுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். பதினொரு வருடத்தில் முதல் தடவை. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“முதல் வரியம் ஒவ்வொரு நாளும் உம்மடை வாயைப் பாத்தனான். இண்டைக்குச் சொல்லுவீர், நாளைக்குச் சொல்லுவீர் எண்டு. கதையாதையும் எண்டு நான்தானே சொன்னனான். எண்டாலும் பாத்தனான்.”

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் நான் தப்பியிருப்பேன். சொல் என்றோ சொல்லாதே என்றோ அவர் சொல்லவில்லை. மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதுவரை எழுதியதை, அச்சுக்குக் கொடுக்குமுன் நேற்று அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கூட இருந்த தமையனார் பாதியிலேயே எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அக்கா கடைசிவரை அசையாமல் இருந்து கேட்டார்.

“பதினொரு வரியம் அந்த மனிசனை ஏசிப்போட்டனே” என்றார்.

என்னை ஒரு சொல் ஏசவில்லை. நான் எழும்பும்போதுதான் முகத்தைப் பார்த்தார். “ஒரு எழுத்தும் குறையாமல் அச்சடியும், தம்பி. அந்தியேட்டிக்கு நீர் வரவேண்டாம்.”

ஆகவே நீங்கள் இதை வாசிக்கும் நாளில் நான் அந்த வீட்டில் இருக்கமாட்டேன். விஞ்ஞான அறையை விட்டு விலகுவதாக மனேச்சருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். நல்லையா மாஸ்டரிடமிருந்து எடுத்ததில், அவர் நாள் தவறாமல் என் வாயைப் பார்த்திருந்த அந்த முதல் வருடம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பதென்று எனக்குத் தெரியவில்லை.