பதிவேட்டில் ஆனந்தமேரி

என் தங்கை ஆனந்தமேரியின் வீட்டுக்காரர் கிளெமென்ட், தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். உள்ளே பேசுகிறவர் குரல் கம்மினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். "அடுத்தவுக அழுகய நாம ஏன் கேக்கணும்?" என்பார். போன் வியாபாரம் படுத்ததும் அதே இடத்தில் ஐந்து கம்ப்யூட்டர் போட்டு பிரவுசிங் சென்டராக்கினார்.

வருகிறவர் பெயரும் விலாசமும் நேரமும் நோட்டில் எழுத வேண்டும் என்று போலீசில் சொன்னார்கள். வருகிறவர்களையே எழுதவைத்தார். பையன்கள் அதைப் பார்த்தே பெண்பிள்ளைகளின் வீட்டுக்குக் கடிதம் போட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் பேர் எழுத மாட்டோம் என்று நின்றபோது அவர் ஒரு வழி சொன்னார்.

"ஆனந்தமேரின்னு போட்டு எங்க வீட்டு விலாசத்த எழுதுங்கம்மா. அவளுக்கு எவன் லெட்டர் போடுவான்?"

"போட்டா நீருதான் பயப்படணும்" என்றாள் ஆனந்தமேரி. எல்லாரும் சிரித்தார்கள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷக் கடைசியில், கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டிக்கொண்டிருந்த காலையில், இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். கையில் அச்சடித்த ஒரு தாள். தோல் பதனிடும் ஒரு ஷாப்பின் கழிவு கிணற்றில் இறங்கித் தண்ணீர் சிவந்து கிடக்கிறது, முதலாளி மட்டும் கேன் தண்ணீர் குடிக்கிறார் என்று யாரோ இன்டர்நெட்டில் எழுதியிருந்தார்கள். முதலாளி புகார் கொடுத்திருந்தார்.

"உன் கடை லைன்ல இருந்துதான் போயிருக்கு. புதுசா சட்டம் வந்திருக்கு, தெரியும்ல? நெட்ல ஒருத்தன் மனசு நோக எழுதுனாலே மூணு வருசம்."

நோட்டைப் புரட்டினார்கள். அந்த நாள், அந்த நேரம், மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர். ஆனந்தமேரி.

"யாருய்யா இது?"

"என் சம்சாரம் சார்."

கூப்பிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார்கள். "ஒம் பேர அடிம்மா பாப்போம்." அவள் வாழ்நாளில் அதைத் தொட்டதில்லை. எழுத்துகளைத் தேடித் தேடி விரல் அலைந்தது. ஒரு எழுத்துகூட விழவில்லை.

"இந்தம்மாவா எழுதுச்சு? யோவ், யாரு உக்காந்தது?"

கிளெமென்டுக்குத் தெரியும். தோல் ஷாப்புக்குப் பக்கத்தில் குடியிருக்கும் சோலைமுத்து மகள் தீபா. கிணறு அவர்கள் வீட்டுக் கிணறு. பி.எட். முடித்து, வாத்தியார் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிற பிள்ளை. கேஸ் என்று ஒன்று விழுந்தால் அந்த வேலை அவளுக்கு இல்லை.

"ஞாபகம் இல்ல சார்" என்றார். பொய் சொல்லிப் பழகாத மனிதர். காது இரண்டும் சிவந்துவிட்டதாம்.

"சரி, பெட்டி சொல்லும்" என்று கம்ப்யூட்டரையும் நோட்டையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் தீபா வந்தாள். பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே நின்றாள். கிளெமென்ட் நடந்ததைச் சொன்னார்.

"எம் பேரச் சொன்னீங்களாண்ணே?"

"சாமி சத்தியமா சொல்லலம்மா. நோட்டுலயும் இல்ல."

அவள் முகம் தெளியவில்லை. "அந்தப் பெட்டில பாஸ்வேர்டு அடிக்காமலே என் மெயிலு தொறக்குமேண்ணே. நேரம் மிச்சமாகும்னு நீங்கதான அப்படி வச்சுக் குடுத்தீங்க."

அவளுக்கு மட்டுமா வைத்தார்? வருகிற பிள்ளைகள் அம்புட்டுப் பேருக்கும் வைத்திருந்தார். யார் யார் யாருக்கு என்ன எழுதினார்கள், எந்தப் போட்டோ அனுப்பினார்கள், எல்லாம் இப்போது ஸ்டேஷன் மேசைமேல்.

"வடமதுரைல ஒங்க சித்தி வீடு இருக்குல்ல? நாலு நாளு போயி இரும்மா."

"ஓடுனா நான்தான்னு ஆயிடாதா?"

 ஆனந்தமேரி அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள். தீபா குடிக்காமலே கையில் வைத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் இருவரும் காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து கடையைத் திறந்தார்கள். உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"கிளெமென்ட்டா? ஸ்டேஷன்ல இருந்து பேசுறேன். பெட்டியத் தொறந்துட்டோம். இதுல தீபான்னு ஒரு பிள்ள வருது. போட்டோவும் இருக்கு. வீடு எங்கன்னு நீயே வந்து காட்டிரு. ஜீப்பு ஒன் கடைக்குக் கிளம்பிருச்சு."