அப்பா தூங்குறாரு

“கேக்குறதுக்கு ஆளா இல்ல? எங்க காதெல்லாம் எதுக்கு இருக்கு?”

மாமா கேட்டது இது. அம்மாவின் தம்பி. பாடாங் செராயில் அம்மாவின் வீட்டு வாசலில், மோட்டார் சைக்கிளை அணைக்காமல், அதில் உட்கார்ந்தபடியே கேட்டார். நான் அலோர்ஸ்டாரில் ஒரு மனநல ஆலோசகரைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அம்மா அவரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

“படிச்ச புள்ள நீ. டீச்சரு. பைத்தியத்துக்குப் பாக்குற எடத்துல போய் ஒக்காந்தா நாலு பேரு என்னா பேசுவாங்க? வீட்டுக் கதைய ஊரான்கிட்ட சொல்லி என்னா ஆவப் போவுது லா?”

மாமா ஆறாம் வகுப்போடு நின்றவர். என் பட்டமளிப்பு விழாப் படத்தைத் தன் லாரியின் கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்திருப்பவர். லாரியில் ஏறும் ஒவ்வொருவரிடமும் ‘அக்கா மக, யுனிவர்சிட்டி’ என்று காட்டுவாராம். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு பதில் இருந்தது. உங்கள் எல்லாருக்கும் காது இருக்கிறது மாமா, ஆனால் அன்றைக்கு ஒருவருக்கும் வாய் இல்லாமல் போயிற்று. அதை விழுங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனேன்.

அப்பா இறந்தபோது நான் தெற்குக் கோடியில், ஜொகூரில் பல்கலைக்கழகத்தின் கடைசிச் சோதனைகளை எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை. ரப்பர்த் தோட்டத்துக் குடும்பங்களில் பிள்ளைக்குச் சோதனை என்றால் வீட்டில் டீவி அணையும், சண்டை நிற்கும், வந்த விருந்தாளிகூட குரலைத் தாழ்த்திப் பேசுவார். எங்கள் வீட்டில் அந்த ஒழுங்கு இன்னும் கடுமை. எங்கள் வம்சத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். சாவையும் அப்படிச் சோதனை முடியும்வரை நிறுத்தி வைக்கலாம் என்று நினைத்துவிட்டார்கள்.

நான் தினமும் சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்வேன். அப்பாவைக் கேட்பேன். தூங்குகிறார் என்பார் அம்மா. பால்மரம் வெட்டுபவர், விடியும் முன்பே எழுகிறவர், சாயங்காலம் தூங்குவதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? நான் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவேன்.

கடைசித் தாளை எழுதி முடித்து, இரவுப் பேருந்தில் ஏறி, காலையில் சுங்கைப் பட்டாணியில் இறங்கினேன். மாமா லாரியோடு வந்திருந்தார். “பேப்பரு எப்படி?” என்று கேட்டார். நன்றாக எழுதினேன் என்றேன். அதற்குப் பிறகு வீடு வரை அவர் பேசவேயில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்தைப் பார்த்தேன். அதன் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாம்பலைக் கடலில் கரைத்தாகியிருந்தது. எட்டாம் நாள் படையலும் முடிந்திருந்தது. எனக்கென்று மிச்சம் எதுவும் வைக்கப்படவில்லை.

முதல் வகுப்பில் தேறினேன்.

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. இப்போது நான் அலோர்ஸ்டாரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். அதே ஊரில், மெர்கோங்கில் வாடகை வீடு. தனியாக இருக்கிறேன். என் பெயரில் கார் இருக்கிறது. இவற்றையெல்லாம் எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அம்மா போனில் ‘நல்லா இருக்கேன்’ என்றால் என்னால் நம்ப முடிவதில்லை. வைத்த கையோடு மறுபடி அழைப்பேன். மூன்றாவது முறை அழைப்பேன். பிறகு காரை எடுத்துவிடுவேன். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல், ஜெராய் மலை இடமா வலமா என்றுகூடத் தெரியாமல் ஓட்டிப் போய், அம்மா துணி மடித்துக்கொண்டிருப்பதை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பியதும் உண்டு.

இன்னொன்று, இருமல்.

அப்பாவுக்குப் பால்வெட்டுக்குப் போகும் முன் ஓர் இருமல் வரும். வறண்டது. ஒருமுறை இருமி, கொஞ்சம் நிறுத்தி, பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். கடிகாரம் எதற்கு, அந்த இருமலில்தான் நான் எழுந்து படித்தேன். அவர் தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு குந்தியிருந்து பால் ஊற்றாத கோப்பி ஓ குடிப்பார், நான் எதிரே புத்தகத்தை விரிப்பேன். பேசிக்கொள்ள மாட்டோம். கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போவார்.

மெர்கோங் வீட்டில் விடியற்காலையில் அந்த இருமல் கேட்கிறது. தண்ணீர்க் குழாய் என்று நினைத்து ஆளை வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுச் சீனத் தாத்தா என்று நினைத்தேன், அவர் மகன் வீட்டுக்குப் பினாங்கு போன பிறகும் கேட்டது. கேட்டவுடன் நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன், படிக்க எதுவும் இல்லாதபோதும்.

அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன். அவர் என்னைத் தோட்டத்து முனீஸ்வரர் கோயிலுக்கு அழைத்துப்போய்க் கறுப்புக் கயிறு கட்டச் செய்தார். மாணவர்கள் பார்க்கக்கூடாதென்று அதைக் கைக்கடிகாரத்தின் வாருக்குக் கீழே ஒளித்து வைத்தேன். இருமல் நிற்கவில்லை. அம்மா அதன் பிறகு அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. அது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். அம்மா வீட்டில் தங்கும் நாட்களில் காலையில் அடுப்படியில் ஒரு கோப்பை ஆறிப்போன கோப்பி ஓ இருக்கும், மூடி போட்டு. அம்மா சர்க்கரை வியாதிக்காரர், கோப்பியைத் தொடமாட்டார். அதையும் நான் யோசித்துப் பார்க்கவில்லை. ஊற்றிக் கழுவி வைத்துவிடுவேன்.

வகுப்பில் ஒருநாள் பின்வரிசைப் பையன் ஒருவன் இருமினான். ஒன்று, கொஞ்சம் இடைவெளி, பிறகு இரண்டு. கையில் சாக்கட்டியோடு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. “சிக்கு... டீச்சர், ஓக்கேயா?” என்று முன்வரிசைப் பெண் கேட்டபோதுதான் வந்து சேர்ந்தேன். அன்றுதான் தேட ஆரம்பித்தேன். வகுப்பறை நான் சம்பாதித்த இடம். அதையும் விட்டுக்கொடுக்க முடியாது.

முதலில் பார்த்த ஆலோசகர் மலாய்க்காரப் பெண்மணி. கனிவானவர். நான் மலாயில் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். என் மலாய் நல்ல மலாய். ஒரு சொல் தடுக்கவில்லை, குரல் உடையவில்லை. முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வாய்மொழித் தேர்வில் புள்ளிக்குக் காத்திருப்பதுபோல் நான் உட்கார்ந்திருப்பது எனக்கே தெரிந்தது. அவர் மீது ஒரு குறையும் இல்லை. எங்கள் வீட்டில் மலாயில் யாரும் செத்ததில்லை, அவ்வளவுதான்.

தமிழில் பேசுகிறவர் வேண்டும் என்றால் வேறொரு பயம். நம்மவர் இரண்டு பேர் எங்கள் கெடா மாநிலத்தில் சந்தித்தால் முதல் கேள்வி ‘எந்தத் தோட்டம்?’ அடுத்தது ‘யாரு மக?’ மூன்றாவது கேள்விக்குள் ஒரு சித்தப்பாவோ சம்பந்தியோ வந்து நிற்பார். அதற்கப்புறம் எதைச் சொன்னாலும் அது பாடாங் செராய் கடைத்தெருவுக்கு எனக்கு முன்பே போய்ச் சேரும். அதனால் பல வாரங்கள் கைப்பேசியில் பெயர்களைப் பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தேன்.

கடைசியில் ஒருத்திக்குச் செய்தி அனுப்பினேன். அலோர்ஸ்டாரில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் அவள் அறை. படியேறும்போதே ரப்பர் வாடை. கதவைத் திறந்தவள் என்னைவிடச் சின்னவள், கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சிலுவை. என் மாணவிகளில் ஒருத்தி மாதிரி இருந்தாள். திரும்பிவிடலாமா என்று யோசித்தேன்.

“எங்க படிச்சீங்க?” என்று கேட்டேன். நான் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவள்போல்.

சொன்னாள். பிறகு சிரித்துக்கொண்டு, “எந்தத் தோட்டம்னு கேக்கலையே?” என்றாள்.

“நீங்களும் கேக்கலையே.”

“நான் கேக்க மாட்டேன். நீங்க கேட்டாலும் சொல்ல மாட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் சொந்தக்காரங்க ஆயிருவோம், கத கெட்டுரும்.” நாற்காலியை இழுத்துப் போட்டாள். “டீச்சர்னு கூப்பிடணுமா?”

“வேணாம்.”

“அப்போ அக்கா. ஒக்காருங்கக்கா.”

உட்கார்ந்தேன். மறுபடியும் வரிசையாகச் சொன்னேன், இம்முறை மேடைத் தமிழில். அவள் பாதியில் கையைத் தூக்கினாள்.

“போன்ல அம்மா என்ன சொன்னாங்க? நீங்க சொல்லாதீங்க. அம்மா சொன்ன மாதிரியே சொல்லுங்க. மொத நாளு.”

“எதுக்கு?”

“வராட்டி விட்டுருங்க.”

கீழே டயர் கடையில் காற்று அடிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் சொன்னேன். “அப்பா தூங்குறாருமா. எழுப்பவா?”

என் வாயிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அந்தக் குரல் சாதாரணமாக இல்லை. இத்தனை வருடம் அதைச் சாதாரணம் என்றே நினைவில் வைத்திருந்தேன்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“வேணாம், தூங்கட்டும்.”

“வேற என்ன கேட்டுச்சு?”

எதுவும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அது வந்தது. அம்மாவின் குரலுக்குப் பின்னால் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தி இழுத்து இழுத்து, மற்றவர்கள் சேர்ந்துகொண்டு. யாரும்மா அழுவுறது என்று நான் கேட்டேன். டீவிம்மா, நாடகம், என்றார் அம்மா. சத்தத்தைக் குறைங்க, அப்பா எழுந்துருவாரு, என்றேன் நான்.

சொல்லி முடித்தபோது அவள் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் நகர்த்தவில்லை. நான் அழுதேன். என் அப்பாவின் சாவுக்கு நான் போயிருந்திருக்கிறேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, காதை அங்கே வைத்துவிட்டு, போயிருந்திருக்கிறேன். அந்தக் காது இன்னும் திரும்பி வரவில்லை.

கிளம்பும்போது படியில் நின்று, “இத அம்மாகிட்ட கேக்கலாமா?” என்றேன்.

“கேக்கணும்னு தோணுதா?”

“பயமா இருக்கு.”

“எது பயம்? அம்மா பொய் சொல்லுவாங்கன்னா, உண்மைய சொல்லிருவாங்கன்னா?”

அந்த வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் பாடாங் செராய்க்கு ஓட்டினேன். இம்முறை வேலிக்கு வெளியே நிற்கவில்லை.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டேன். “அன்னிக்கு டீவியில என்ன நாடகம்மா?” என்று கேட்டேன். எந்த அன்றைக்கு என்று அவர் கேட்கவில்லை. கை மட்டும் நின்றது.

“மாமாதான் போனை கையில குடுத்தான்,” என்றார். “எடுக்காட்டி அவளுக்குச் சந்தேகம் வந்துரும், பேச்சு குடுன்னான். அவன திட்டாத. ஒங்கப்பாதான் ஆஸ்பத்திரியில சொன்னாரு, சோதன முடியிற வரைக்கும் புள்ளைக்கு ஒண்ணும் தெரியக்கூடாதுன்னு. அப்ப செத்துப் போவேன்னு நெனச்சா சொன்னாரு? காய்ச்சல்னு நெனச்சு சொன்னாரு. அப்புறம் அதுவே அவரு கடைசிப் பேச்சாப் போச்சு. மீற முடியல.”

நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவரு காலுகிட்ட ஒக்காந்துதான் பேசுனேன். எழுப்பவான்னு கேட்டேன் பாரு, அது ஏன் வாயில வந்துச்சுன்னு தெரியல. நீ ஆமான்னு சொல்லியிருந்தா நான் என்னா பண்ணியிருப்பேன் பாப்பா?”

அம்மா என்னைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கூடத்துச் சுவரைப் பார்த்துக் கேட்டார். நெடுநாளாக அங்கேயே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“எனக்கு இன்னும் இருமல் கேக்குதும்மா,” என்றேன். “கயிறு கட்டியும் நிக்கல.”

“தெரியும்.”

“எப்படி?”

“ஒனக்கு மட்டுந்தான் கேக்குதுன்னு நெனச்சியா?” என்றார். உருவிய காம்புகளை ஒன்றுசேர்த்துக்கொண்டே, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். “கேட்டதும் எந்திரிச்சு கோப்பி கலக்கி வெச்சிருவேன். நீ வந்தா ஊத்திக் கழுவிருவ. நான் ஒண்ணும் சொல்றதில்ல.”

அன்றிரவு அங்கேயே தங்கினேன். விடியும் முன் விழிப்பு வந்தது. இருமல் கேட்டதா, கேட்கும் என்று விழித்தேனா, சொல்ல முடியவில்லை. அடுப்படியில் விளக்கு எரிந்தது. அம்மா கோப்பையில் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே குந்தினேன். இருவரும் அந்தக் கோப்பை ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம். யாரும் அதை ஊற்றவில்லை.

விடிந்த பிறகு டயர் கடை மாடி ஆலோசகரைப் பற்றிச் சொன்னேன். அம்மா கேட்டார். “அந்தப் பொண்ணு தமிழ்லதான் பேசுமா?”

“தமிழ்தான்.”

“எந்தத் தோட்டம்?”

“கேக்கக்கூடாதாம்.”

“அதுவும் நல்லதுதான்,” என்றார் அம்மா. பிறகு, “ஒன் மாமாவுக்கு என்ன சொல்றது?”

“காது நல்லாத்தான் இருக்கு மாமா, அதான் போறோம்னு சொல்லுங்க.”

அம்மாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. “அவனுக்கும் கேக்குதோ என்னவோ,” என்றார். “கேக்காமலா ராவெல்லாம் லாரி ஓட்டுறான்.”

இதை மெர்கோங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். இருமல் போய்விட்டது என்று எழுத முடியவில்லை, அது போகவில்லை. அம்மா உள்ளறையில் படுத்திருக்கிறார். பையில் நல்ல சேலை ஒன்றை மடித்துக் கொண்டுவந்திருக்கிறார், கோயிலுக்குப் போவதுபோல். நாளைக் காலை நேரத்தை ஏற்கெனவே கேட்டு வாங்கிவிட்டேன். இரண்டு பேர் வருகிறோம் என்று எழுதியிருந்தேன். ‘வாங்கக்கா, இன்னொரு நாற்காலி போட்டாச்சு’ என்று பதில் வந்திருக்கிறது.