பீரங்கி நின்ற இடத்தில் கிரேன்

குனோங் ராபாட்டில் தர்மாவைக் கண்டால் தெருவாசிகளுக்கு ஒரே கேள்விதான்: எத்தனை கப்பலைக் கவிழ்த்தீர்கள் அண்ணே? கடற்படையில் பீரங்கி சுட்டவர் என்றால் ஊரின் கற்பனை அப்படித்தான் ஓடும். தர்மா சிரித்து மழுப்பிவிடுவார். அவர் சுட்டதெல்லாம் வேறொரு படகு இழுத்துக்கொண்டு போன சிவப்புத் துணி கட்டிய பயிற்சிப் பலகையைத்தான். ஆனால் அதை அவர் மாதிரி சுட அந்தக் கப்பலில் வேறு ஆள் கிடையாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை அவர். லூமுட் கடற்படைத் தளத்தில் 'பிந்தாங் செலாட்' என்ற கப்பலின் முன்பக்கப் பீரங்கி கைக்கு வந்ததும், அதைத் தன் சொந்தச் சொத்தாகவே நினைத்துக்கொண்டார். கப்பலுக்கு வயதானபோது கடற்படை அதற்கு விடை கொடுத்தது. பீரங்கியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மஞ்சள் நிறக் கிரேன் ஒன்றை நட்டார்கள். கடலில் வழிகாட்டும் விளக்கு மிதவைகளைத் தூக்கி, சிப்பி சுரண்டி, சங்கிலி மாற்றி, மறுபடி இறக்கிவிடுவது கப்பலின் புது வேலை. தர்மாவுக்கும் படையில் ஒப்பந்தம் முடிந்திருந்தது. கப்பலை விட மனம் வராமல் கிரேன் ஓட்டப் படித்துக்கொண்டு அதிலேயே திரும்ப ஏறினார். மனைவி பிரமிளா மட்டும் அக்கம்பக்கத்தில் இன்னும் நேவி என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

முதல் வாரமே சொதப்பினார். மிதவையின் மேல் ஒருவர் ஏறி நிற்க வேண்டும். கிரேனின் கொக்கி இறங்கி வந்ததும் பிடித்து வளையத்தில் மாட்ட வேண்டும். அந்த ஆள் பவித்ரன், பத்து காஜா ஊர்க்காரர். பீரங்கிக்காரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. குறி இருக்கும் இடத்தில் சுடமாட்டான், அது போகப்போகும் இடத்தில் சுடுவான். அலையில் மிதவை கீழே போகிறது என்று கண்ட தர்மா, அது போகும் இடத்துக்கே கொக்கியை விட்டார். அதற்குள் அடுத்த அலை மிதவையைத் தூக்கி எறிந்தது. இரும்பு போய் விளக்கில் மோதியது. விளக்கு தூள்தூளானது, பவித்ரனின் காதை ஒட்டி.

பவித்ரன் கப்பலுக்கு ஏறி வந்து முகம் துடைத்துக்கொண்டு, "உன் கைக்குக் கீழ இனிமே நான் நிக்க மாட்டேன் லா" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. தர்மாவுக்கு உயிரே போனது மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து பவித்ரன் மிதவையில் ஏறினால் கிரேனில் வேறு ஆள். தர்மா பொறுத்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் கண்ணயர, எண்ணெய் டின் ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் மிதக்கவிட்டு, அதன் தலையைத் தொடக் கொக்கியை இறக்குவார். துரத்துகிற கையை அடக்குவதுதான் பாடு. அலை உச்சிக்கு வந்து ஒரு கணம் நிற்கும். அதுவரை சும்மா இருக்க வேண்டும். சுடக் கற்றவனுக்குச் சும்மா இருப்பதைப் போலக் கஷ்டம் வேறில்லை.

ஒரு பிற்பகல் பேராக் ஆற்று முகத்தில் மிதவை விளக்கு அணைந்துவிட்டது. மீன்பிடிப் படகுகள் இருட்டுமுன் திரும்பும். விளக்கில்லாவிட்டால் மணல்திட்டில் ஏறிவிடும். மேற்கே சுமத்திராக் காற்று என்கிற திடீர்ச் சூறை கறுத்துக்கொண்டு வந்தது. மற்றக் கிரேன்காரர் காய்ச்சலில் படுத்திருந்தார். பவித்ரன் கிரேனடிக்கு வந்தார்.

"சுடுவியா, காத்திருப்பியா?"

"காத்திருப்பேன், மச்சான்."

பவித்ரன் மிதவையில் இறங்கினார், அண்ணாந்து பார்த்தபடியே. கொக்கியை மாட்டுமுன் காற்று வந்து அறைந்தது. பவித்ரன் கால் வழுக்கி, மிதவையின் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். ஒரு பக்கம் மிதவை, மறுபக்கம் கப்பலின் இரும்புச் சுவர். கொக்கியில் கட்டியிருந்த கயிற்று வளையம் கையில் சிக்கினால்தான் பிழைப்பார். எல்லாரும் இறக்கு, இறக்கு என்று கத்தினார்கள். தர்மாவின் கை பரபரத்தது. ஓர் அலையை விட்டார். இன்னொன்றையும் விட்டார். பார்த்தவர்களுக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. அடுத்தது உச்சியில் நின்றபோது வளையத்தை இறக்கினார். பவித்ரன் வளையத்துக்குள் கையை நுழைத்துக்கொண்டார், கிரேன் அவரைத் தளத்துக்குத் தூக்கியது.

இருட்டுமுன் விளக்கும் எரிந்தது. மறுநாள் முதல் பவித்ரன் தர்மாதான் கிரேனுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனாலும் மிதவையில் நிற்கும்போது ஒரு கண் மேலேயே இருக்கும். காதோரம் பறந்த இரும்பை எந்த மனிதன் லேசில் மறப்பான்? தர்மா அதைக் கவனிப்பார். உள்ளே முள்ளாய்க் குத்தும். அப்படியே பல வருடம் ஓடியது.

போன வருடம் கப்பலை உடைக்கக் கொடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. கடைசி வேலையும் அதே ஆற்று முக மிதவைதான். அலை கொஞ்சம் இருந்தது. பவித்ரன் மிதவையில் இறங்கி, கிரேனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, மேல்தளத்தில் இருந்தவரிடம் தன் மகள் ஷர்மினியின் கல்யாண மண்டபம் பற்றிப் பேச ஆரம்பித்தார். குழம்பு காரம், அதற்கு ஒரு சண்டை என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. பேசிக்கொண்டே ஒரு கையைத் தலைக்குமேல் நீட்டினார்.

தர்மா காத்திருந்தார். அலை உச்சிக்கு வந்தது. கொக்கி அந்தக் கைக்குள் போய் உட்கார்ந்தது. பவித்ரன் அண்ணாந்து பார்க்கவே இல்லை.